53 ஆண்டுகள் வாரிசாக இருந்தவர்: லோர்ன் பிரபுவும் அவர் குடும்பமும்

விக்டோரியா மகாராணியின் மகள் ஒருவரை ஸ்காட்லாந்து டியூக் வீட்டுப் பையன் கல்யாணம் செய்துகொண்டாராமே, அவர் யார்? டியூக் பட்டத்துக்கு வாரிசு என்றால் பட்டம் வரும்வரை என்னதான் செய்துகொண்டிருப்பார்? அந்தக் குடும்பம் இப்போதும் இருக்கிறதா? இவைதான் கேள்விகள். மூன்றுக்கும் ஒரே ஆளின் கதையைச் சொன்னால் போதும். அவர் பெயர் ஜான் காம்பெல். பட்டம் வருவதற்கு முன்னால் லோர்ன் மார்க்விஸ், வந்த பிறகு ஆர்கைல் வம்சத்தின் ஒன்பதாவது டியூக். கனடா நாட்டின் சரித்திரத்தில் நல்ல இடம் பிடித்திருப்பவர். ஆனாலும் பெரும்பாலான புத்தகங்களில் 'இளவரசி லூயிஸின் கணவர்' என்ற ஒரே வரியோடு அவரை முடித்துவிடுகிறார்கள். அந்த வரி அவருக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் வாரிசு என்ற நிலையைச் சொல்லிவிடுகிறேன், இது புரியாவிட்டால் மற்றது புரியாது. பிரிட்டனில் ஒரு டியூக்குக்கு ஒரே பட்டம் இருப்பதில்லை. டியூக், மார்க்விஸ், ஏர்ல், பாரன் என்று மேலிருந்து கீழாகப் பல பட்டங்கள் அவர் பெயரில் சேர்ந்திருக்கும். மூத்த மகன், அப்பா உயிரோடு இருக்கும்வரை, அப்பாவின் இரண்டாவது பெரிய பட்டத்தை மரியாதைக்காகப் போட்டுக்கொள்வார். ஆர்கைல் வீட்டில் அந்தப் பட்டம் லோர்ன் மார்க்விஸ். கேட்க மார்க்விஸ் என்று பெரிதாக இருக்கும், சட்டப்படி அவர் சாதாரணக் குடிமகன்தான். அதனால் பிரபுக்கள் சபையில் அவருக்கு இடம் கிடையாது, மக்கள் சபைக்குத் தேர்தலில் நிற்கலாம். நிலம், கோட்டை, வருமானம் எல்லாம் அப்பாவின் கையில். பையனுக்குக் கிடைப்பது அப்பா கொடுக்கிற படிப்பணம். அப்பாவுக்கு ஆயுள் கெட்டியென்றால் மகன் தலை நரைத்த பிறகுதான் பட்டம் வரும். லோர்னுக்கு அப்படித்தான் நடந்தது. 1847 ஏப்ரலில் தாத்தா இறந்தபோது குழந்தைக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை, அன்றே அடுத்த வாரிசு ஆகிவிட்டான். அப்பா இறந்தது 1900 ஏப்ரலில். நடுவில் 53 ஆண்டுகள்.

எந்தப் பட்டத்துக்காக இந்தக் காத்திருப்பு என்றும் பார்க்க வேண்டும். மேற்கு ஸ்காட்லாந்தில் கடல் விரல் விரலாக உள்ளே புகுந்திருக்கும் மலைநாட்டுக்கு ஆர்கைல் என்று பெயர். அங்கே காம்பெல் குலம் நடுக்காலத்திலிருந்தே கை ஓங்கிய குலம். குலத் தலைவருக்கு கேலிக் மொழியில் 'மக்கேலன் மோர்' என்று பட்டப்பெயர், 13ஆம் நூற்றாண்டில் போரில் இறந்த பெரிய காலின் என்ற முன்னோரின் வழிவந்தவர் என்று அர்த்தம். 1457இல் ஏர்ல் பட்டம், 1641இல் மார்க்விஸ், 1701இல் டியூக் என்று படிப்படியாக ஏறினார்கள். ஏறும்போதே அடியும் வாங்கினார்கள். 1661இல் மார்க்விஸின் தலையும், 1685இல் அவருடைய மகனான ஒன்பதாவது ஏர்லின் தலையும் எடின்பரோவில் வெட்டப்பட்டன, அரசரை எதிர்த்ததற்காக. இருவரின் தலையையும் வெட்டியது 'மெய்டன்' என்று பெயர் வைத்த ஒரே வெட்டுப்பொறி. அது இன்றும் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உயரமான மரச்சட்டம், நடுவில் கனமான இரும்புக் கத்தி. அப்பனையும் மகனையும் பலி கொடுத்த ஒரு குடும்பம் 16 ஆண்டுகளில் டியூக் பட்டத்தோடு எழுந்து நின்றது.

காம்பெல்கள்மீது மற்ற மலைக்குலங்களுக்கு ஆறாத கோபம் உண்டு. 1692இல் கிளென்கோ பள்ளத்தாக்கில் மக்டொனால்டு குலத்தாரை, அவர்கள் வீட்டிலேயே விருந்தாளிகளாகத் தங்கியிருந்த சிப்பாய்கள் விடியலில் எழுந்து கொன்றார்கள். அந்தச் சிப்பாய்கள் ஆர்கைல் ஏர்லின் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள், தலைமை தாங்கியவர் ஒரு காம்பெல். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்த அந்தப் பழி முந்நூறு ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, நம் ஆளுக்கு வருவோம். 1845 ஆகஸ்ட் 6 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா ஜார்ஜ் காம்பெல், எட்டாவது டியூக். அம்மா எலிசபெத், சதர்லண்ட் டியூக்கின் மகள். மொத்தம் 12 பிள்ளைகள், ஐந்து ஆண், ஏழு பெண், இவர் தலைச்சன்.

விக்டோரியாவும் கணவர் ஆல்பர்ட்டும் 1847 ஆகஸ்டில் கப்பலில் மேற்குக் கரையைச் சுற்றி வந்தபோது, ஃபைன் கடற்கழியின் கரையில் இருக்கும் இன்வரரி கோட்டைக்கு வந்து இறங்கினார்கள். கோட்டை வாசலில் இரண்டு வயது லோர்ன் நிற்கிறான். கறுப்பு வெல்வெட் சட்டை, இடுப்பில் மலைநாட்டார் கட்டும் தோல் பை, தோளில் துணி, தலையில் குல்லாய். வெள்ளையாக, கொழுகொழுவென்று, செம்பட்டை முடியோடு, யாருக்கும் அஞ்சாமல் துறுதுறுவென்று இருக்கிறான் என்று ராணி அன்றைய நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்த நாட்குறிப்பு பின்னாளில் அச்சிலும் வந்தது. இளவரசி லூயிஸ் பிறந்தது அடுத்த ஆண்டு மார்ச் 18. தேதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மாமியார் மாப்பிள்ளையை முதல் தடவை பார்த்தபோது பெண் மாமியாரின் வயிற்றில் இருந்தாள்.

படிப்பு எடின்பரோ அகாடமி, ஈட்டன், செயின்ட் ஆண்ட்ரூஸ், கேம்பிரிட்ஜ் டிரினிடி என்று போயிற்று. இருபது வயதுக்குமேல் ஜமைக்கா, ஹைட்டி, அமெரிக்கா என்று சுற்றிவிட்டு வந்து 1867இல் ஒரு பயணநூல் எழுதினார். அடுத்த ஆண்டே ஆர்கைல்ஷயர் தொகுதியிலிருந்து லிபரல் கட்சி உறுப்பினராக நாடாளுமன்றம் போனார். இதில் அவருடைய சாமர்த்தியம் என்று சொல்ல அதிகம் இல்லை. அது அப்பாவின் சொந்தச் சீமை.

அப்பா சாதாரண ஆள் கிடையாது. பிரதமர் கிளாட்ஸ்டன் மந்திரிசபையில் 1868 முதல் 1874 வரை இந்தியாவுக்கான அமைச்சர், அதாவது கல்கத்தாவில் இருந்த வைஸ்ராய்க்கு லண்டனில் மேலிடம். மகன் சில ஆண்டுகள் அவருக்கு அந்தரங்கச் செயலாளராக அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தார். அப்பா புவியியல், பறவைகள், மதம், பொருளாதாரம் என்று எதைப் பற்றியும் எழுதுவார், டார்வினோடு வாதம் செய்வார், சபையில் எழுந்தால் எல்லோரும் கேட்பார்கள். அப்படிப்பட்ட தகப்பன் 76 வயதுவரை திடமாக இருந்தால், மகன் என்ன செய்தாலும் 'ஆர்கைல் டியூக்கின் பையன்' என்றுதான் பேர். லோர்ன் கவிதை எழுதியதும் படம் வரைந்ததும் தனக்கென்று ஓர் இடம் தேடியதால் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி கல்யாணம். லூயிஸ் ராணியின் ஆறாவது குழந்தை, பெண்களில் நான்காவது. மற்ற இளவரசிகளைவிட வேறு மாதிரி. சிற்பக்கலையில் உண்மையான திறமை உள்ளவர், லண்டன் சவுத் கென்சிங்டன் கலைப்பள்ளியில் சேர்ந்து படித்தார். ராஜா வீட்டுப் பெண் பொதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது அன்று பெரிய விஷயம். ஜெர்மனிப் பக்கம் மாப்பிள்ளை பார்த்தார்கள். பிரஷ்ய இளவரசர் ஒருவர் பெயரும் அடிபட்டது. லூயிஸுக்கு அதில் விருப்பமில்லை, ராணிக்கும் இல்லை. ஒரு மகளைப் பிரஷ்யாவுக்கும் ஒரு மகனுக்கு டென்மார்க்கிலிருந்தும் சம்பந்தம் செய்து, அந்த இரண்டு நாடுகளும் 1864இல் போரிட்டபோது சொந்த வீட்டுக்குள்ளேயே சண்டையைப் பார்த்தவர் அவர். வெளிநாட்டுச் சம்பந்தம் தொல்லையைத்தான் கொண்டுவருகிறது, காலம் மாறிவிட்டது என்று மூத்த மகனுக்கு எழுதினார். அந்த மூத்த மகன், பின்னாளைய ஏழாம் எட்வர்ட், தங்கையைக் குடிபடைகளில் ஒருவனுக்குக் கொடுப்பதா என்று எதிர்த்தார். ராணி அசையவில்லை.

1870 அக்டோபர் 3 அன்று, ஸ்காட்லாந்தில் ராணியின் மாளிகையான பால்மோரல் பக்கத்தில் மலையோரம் உலாவப் போன இடத்தில் லோர்ன் லூயிஸிடம் மனதைச் சொன்னார். 1871 மார்ச் 21 அன்று வின்ட்சர் கோட்டையின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் கல்யாணம். மணமகனுக்கு 25, மணமகளுக்கு 23. தகப்பன் இல்லாத பெண்ணை ராணியே கைப்பிடித்துக் கொடுத்தார். ஆளும் வம்சத்து இளவரசி ஒருவர் ஒரு குடிமகனை மணந்தது எட்டாம் ஹென்றியின் தங்கை மேரி 1515இல் சஃபோக் டியூக்கை மணந்த பிறகு இதுதான் முதல் தடவை என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. நாடாளுமன்றம் வரதட்சணையாக 30,000 பவுனும், ஆண்டுக்கு 6,000 பவுன் உதவித்தொகையும் ஒதுக்கியது. பாரிஸில் குடியரசு வந்திருந்த நேரம், இங்கிலாந்திலும் முடியாட்சி வேண்டாம் என்ற பேச்சு பலமாக இருந்தது, அதனால் வரிப்பணத்தில் சீர் செய்வதா என்று கூட்டம் போட்டுக் கேட்டவர்களும் உண்டு. ஆர்கைலில் இருந்த பார்வை வேறு. மக்கேலன் மோரின் மகனுக்குப் பெண் கொடுக்க ராணிக்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அங்கத்து மலைவாசி ஒருவர் சொன்னதாக ஒரு கதை அந்தக் காலத்திலேயே பரவியது.

வெளியே பார்க்க அழகான இந்தக் கல்யாணத்துக்குள் லோர்னுக்கு ஒரு சங்கடம் உட்கார்ந்திருந்தது. அரசவை வரிசையில் மனைவி இளவரசி, கணவன் வெறும் மரியாதைப் பட்டக்காரன். விருந்துக்குப் போனால் அவர் முன்னால், இவர் எங்கோ பின்னால். ஏற்கெனவே அப்பாவின் நிழல், இப்போது மாமியார் வீட்டின் நிழலும் சேர்ந்தது.

அதை மாற்றியது கனடா. 1878இல் பிரதமர் டிஸ்ரேலி அவரைக் கனடாவின் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார். டிஸ்ரேலி எதிர்க்கட்சிக்காரர் என்பதைக் கவனியுங்கள். வயது 33, அந்தப் பதவிக்கு அதுவரை அத்தனை இளையவர் யாரும் வந்ததில்லை. அதே ஆண்டு மே மாதம்தான் அம்மா இறந்திருந்தார். நவம்பர் 25 அன்று ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். அங்கே அவர் ராணியின் பிரதிநிதி என்பதால் வரிசையில் முதல் இடம் அவருக்கு, அடுத்த இடம்தான் இளவரசிக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் செய்கிற வேலைக்கு அவரே பொறுப்பு.

அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்பதில்தான் எனக்கு அவர்மீது மதிப்பு வருகிறது. வந்த உடனே ஒரு சிக்கல். கியூபெக் மாகாணத் துணைநிலை ஆளுநர் லெட்டெலியே, தன் மாகாணத்துக் கன்சர்வேட்டிவ் அரசை 1878 மார்ச்சில் டிஸ்மிஸ் செய்திருந்தார். அக்டோபரில் மத்தியில் மெக்டொனால்டு தலைமையில் கன்சர்வேட்டிவ்கள் ஆட்சிக்கு வந்ததும், லெட்டெலியேவை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். லோர்னுக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் அமைச்சர்கள் சொல்வதை மீறுவதும் சரியில்லை. விஷயத்தை லண்டனுக்கு அனுப்பினார். அமைச்சர்களின் ஆலோசனைப்படி நட என்று பதில் வந்தது, நடந்தார், 1879இல் லெட்டெலியே நீக்கப்பட்டார். கவர்னர் தன் சொந்த அபிப்பிராயத்தைப் பையில் வைத்துக்கொண்டு மந்திரிசபை சொல்வதைக் கேட்க வேண்டும் என்ற வழக்கம் அங்கே ஊன்றுவதற்கு இது ஒரு படி. இந்தியாவில் ஆளுநர்களைப் பற்றி நாம் இன்றும் பேசிக்கொண்டிருப்பது இதே கேள்வியைத்தான்.

கலைக்கு அவர் செய்தது இன்னும் பெரிது. 1880 மார்ச் 6 அன்று ஆட்டவாவில் கிளாரண்டன் ஹோட்டலில் ராயல் கனடியன் கலை அகாடமியின் முதல் கண்காட்சியைத் திறந்து வைத்தார். அகாடமியில் சேரும் ஒவ்வொரு ஓவியரும் தன் படம் ஒன்றை நாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. அப்படிச் சேர்ந்த படங்களை வைத்துத்தான் கனடாவின் தேசியக் கலைக்கூடம் உருவானது. முதல் தலைவர் லூஷியஸ் ஓ'பிரையன், அவர் கொடுத்த சாகெனே ஆற்றுச் சூரியோதயப் படம் இன்றும் அங்கே இருக்கிறது. வாடகை ஹோட்டலில் சில சுவர்களில் தொடங்கியது இன்று ஆட்டவாவில் கண்ணாடி மாளிகையாக நிற்கிறது. 1882இல் கனடா ராயல் சொசைட்டி என்ற அறிஞர் சபையையும் ஆரம்பித்து வைத்தார். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. காடு வெட்டி ரயில் போடுகிற நாட்டுக்கு அகாடமி எதற்கு என்று கேட்டார்கள்.

அந்த முதல் கண்காட்சிக்கு லூயிஸால் வர முடியவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால், பிப்ரவரி 14 அன்று, கவர்னர் ஜெனரல் குடியிருக்கும் ரிடோ ஹால் மாளிகையிலிருந்து நாடாளுமன்ற நிகழ்ச்சிக்குப் பனிச்சறுக்கு வண்டியில் புறப்பட்டபோது குதிரைகள் மிரண்டன, வண்டி குடைசாய்ந்தது. கவிழ்ந்த வண்டியைக் குதிரைகள் வெகு தூரம் இழுத்துக்கொண்டு ஓடின. லூயிஸின் தலை வண்டியின் இரும்புச் சட்டத்தில் மோதியது. காதணி ஒன்று எதிலோ மாட்டிக் காது மடல் கிழிந்தது. சாதாரண விபத்து என்பதுபோல வெளியே செய்தி போனதால், அடிபட்டது எவ்வளவு என்று மக்களுக்குத் தெரியவில்லை. அவர் உடல் தேற இங்கிலாந்து போய், 1882இல்தான் திரும்பினார். போனவர் வரவில்லையே, கனடா பிடிக்கவில்லை போலும் என்று ஊர் பேசியது. தலையில் அப்படி அடிபட்ட ஒரு பெண்ணைப் பற்றி அப்படிப் பேசியது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அவர் கனடாவை நேசித்தார் என்பதற்கு ரிடோ ஹாலிலேயே அடையாளம் இருக்கிறது. ஒரு கதவின்மீது ஆப்பிள் கிளையும் பூவுமாக அவர் கைப்படத் தீட்டிய ஓவியத்தை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

மனைவி ஊரில் இல்லாத 1881 கோடையில் லோர்ன் மேற்கே கிளம்பினார். அப்போது ரயில் பாதை வின்னிபெக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். அதற்கப்பால் குதிரையும் வண்டியும் படகும். உடன் பத்திரிகைக்காரர்களையும் ஓர் ஓவியரையும் அழைத்துப் போனார், பிரிட்டனில் இருப்பவர்கள் அந்தச் சமவெளியைப் பற்றிப் படித்துக் குடியேற வர வேண்டும் என்பது நோக்கம். பேட்டில்ஃபோர்டிலிருந்து கால்கரிவரை வழிகாட்டியாக வந்தவர் பவுண்ட்மேக்கர், கிரீ என்ற பூர்வகுடி மக்களின் தலைவர்களில் ஒருவர். வழியெல்லாம் தன் மக்களின் வழக்கங்களை அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். பிளாக்ஃபுட் கிராசிங்கில் பிளாக்ஃபுட் பூர்வகுடிகளின் தலைவர் குரோஃபுட்டும் அவருடைய மக்களும் லோர்னைச் சந்தித்தார்கள். எருமைக் கூட்டங்கள் அற்றுப்போய் அந்த மக்கள் பட்டினியில் இருந்த நேரம் அது. உணவு போதவில்லை என்பதைத்தான் போகுமிடமெல்லாம் தலைவர்கள் சொன்னார்கள். லோர்ன் மரியாதையோடு கேட்டார், எழுதியும் வைத்தார், ஆனால் அவர்கள் கேட்டதைக் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. நான்கே ஆண்டில், மேற்கில் கனடா அரசை எதிர்த்து எழுந்த 1885 கிளர்ச்சிக்குப் பிறகு, அதே பவுண்ட்மேக்கரைச் சிறையில் அடைத்தார்கள். சிறையிலேயே உடல் கெட்டு, வெளியே வந்து அடுத்த ஆண்டு இறந்தார். லோர்னின் பயணத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்து எழுத வேண்டும்.

1882இல் சமவெளியின் ஒரு பெரிய பகுதிக்கு ஆல்பர்ட்டா என்று பெயர் வைத்தார்கள். லூயிஸின் முழுப்பெயர் லூயிஸ் கரோலின் ஆல்பர்ட்டா, கடைசிப் பெயர் தகப்பன் ஆல்பர்ட்டிடமிருந்து வந்தது. 1905இல் அது மாகாணம் ஆனது. ராக்கி மலையில் பச்சை நீல நிறத்தில் இருக்கும் லூயிஸ் ஏரி, எத்தனையோ பேர் கணினித் திரையில் வைத்திருக்கும் படம், அதுவும் அவர் பெயர்தான்.

1883 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. 38 வயது. வேலை தெரிந்தவர், பெயர் எடுத்தவர். ஆனால் ஊர் திரும்பினால் மறுபடியும் அதே வாரிசு. 1885இல் ஹாம்ப்ஸ்டெட் தொகுதியில் நின்று தோற்றார், 1892இல் பிராட்ஃபோர்டில் தோற்றார், 1895இல் தெற்கு மான்செஸ்டரில் ஜெயித்தார். நடுவே வின்ட்சர் கோட்டைக்குக் காவலர் என்ற கௌரவப் பதவி. நிறைய எழுதினார். பழைய பிரதமர் பால்மர்ஸ்டனின் வாழ்க்கை வரலாறு, பேரரசைக் கூட்டாட்சியாக்குவது பற்றி ஒரு நூல், 1897இல் கோவன்ட் கார்டனில் அரங்கேறிய 'டியர்மிட்' என்ற ஆபராவுக்கு வசனப்பாட்டு. இவற்றில் இன்றும் உயிரோடு இருப்பது ஒன்றுதான், அதுவும் அவர் வாலிபத்தில் எழுதியது. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்ற 121ஆம் சங்கீதத்தை அவர் ஆங்கிலப் பாட்டாக மாற்றினார். கனடா தேவாலயங்களில் இன்றும், முக்கியமாக இறுதிச் சடங்குகளில், அதைப் பாடுகிறார்கள்.

கல்யாண வாழ்க்கை பற்றிக் கேட்பீர்கள். பிள்ளைகள் இல்லை. கனடாவுக்குப் பிறகு பல காலம் இருவரும் தனித்தனியாகவே பொழுதைக் கழித்தார்கள். லோர்னுக்கு ஆண்கள்மீதுதான் நாட்டம் என்றும், லூயிஸுக்கு வேறு உறவுகள் இருந்தன என்றும் அன்றும் வதந்தி, இன்றும் புத்தகங்கள். சான்று என்று கையில் வைக்க எதுவும் வரவில்லை, அதனால் அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தெரிந்தது இது: கடைசிக் காலத்தில் அவருக்கு நினைவு தடுமாற ஆரம்பித்தபோது லூயிஸ் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார்.

கூடப் பிறந்தவர்கள் கதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாரிசுக்குக் கிடைக்காத சுதந்திரம் அவர்களுக்குக் கிடைத்தது. ஆர்ச்சிபால்டு கூட்ஸ் வங்கியில் பங்குதாரர் ஆனார், வால்டர் பங்குச் சந்தைத் தரகர் ஆனார். டியூக் வீட்டுப் பிள்ளைகள் வியாபாரத்துக்குப் போவதா என்று அன்று புருவம் உயர்ந்தது. ஆண்களில் கடைசியான காலினின் விவாகரத்து வழக்கு 1886இல் லண்டனையே கலக்கியது. அதன்பிறகு அவர் பம்பாய்க்கு வந்து வக்கீல் தொழில் பார்த்து 1895இல் அங்கேயே இறந்தார். தங்கை ஃபிரான்சஸ், பிரதமர் பால்ஃபரின் தம்பியை மணந்தவர், பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்.

என் மனதில் நிற்பவர் இன்னொரு தங்கை, விக்டோரியா காம்பெல். சிறு வயதில் வந்த நோயால் கால் நடை போயிற்று, ஊன்றுகோலோடு வாழ்ந்தவர். குடும்பத்துக்குச் சொந்தமான டைரீ என்ற தீவுக்கு அலை அடிக்கிற கடலில் போய், குளிர்காலம் முழுக்கத் தங்கி, அங்குள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் படிப்பும் கைத்தொழிலும் கிடைக்க வழி செய்தார்.

அந்தத் தீவுக்கு அப்படி ஒருவர் தேவைப்பட்டார் என்பதற்குக் காரணம் அவர் அப்பாதான். எட்டாவது டியூக் நிலத்தைச் 'சீர்திருத்த' வேண்டும் என்று நம்பியவர். 1846இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது டைரீயில் ஆள் கூட்டம் அதிகம், நிலம் போதாது என்று கணக்குப் போட்டார். உணவுக்கும் கப்பல் செலவுக்கும் பணம் கொடுத்தார் என்பது உண்மை. வாடகை கட்ட முடியாத சிறு குத்தகைக்காரர்களை அவருடைய காரியஸ்தர் வெளியேற்றினார், சின்னச் சின்ன நிலங்களைச் சேர்த்துப் பெரிய பண்ணைகள் ஆக்கினார்கள் என்பதும் உண்மை. ஆயிரக்கணக்கில் மக்கள் கடல் கடந்தார்கள், பலர் கனடாவின் ஒன்டாரியோவில் காடு வெட்டிக் குடியேறினார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே கனடாவுக்கு டியூக்கின் மகன் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்குகிறார். டைரீயிலிருந்து துரத்தப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் வரவேற்புக் கூட்டத்தில் நின்று என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 1886இல் டைரீக்காரர்கள் ஒரு பண்ணைக்குள் புகுந்து மாடுகளை மேயவிட்டு நிலம் எங்களுடையது என்றார்கள். போலீஸால் முடியாமல் அரசாங்கம் கடற்படைச் சிப்பாய்களைக் கப்பலில் அனுப்பியது. அதே ஆண்டு வந்த குத்தகைச் சட்டம் சிறு விவசாயிகளுக்கு இருக்கும் நிலத்தில் நிலைத்த உரிமையைக் கொடுத்தது. டியூக் அந்தப் போக்கையே கடைசிவரை எதிர்த்தவர். அயர்லாந்து நிலச் சட்டம் பிடிக்காமல் 1881இல் மந்திரி பதவியை உதறியவர் அவர்.

1900இல் அப்பா இறந்து, 54 வயதில் லோர்ன் ஒன்பதாவது டியூக் ஆனார். மக்கள் சபை இடத்தை விட வேண்டி வந்தது. வந்த சொத்தோடு கடனும் வந்தது. இன்வரரி கோட்டையை நடத்துவதே பெரிய செலவு. 18ஆம் நூற்றாண்டில் கட்டியது, 1877இல் ஒரு தீ விபத்துக்குப் பிறகு மேலே ஒரு தளமும், நான்கு மூலைக் கோபுரங்களுக்குக் கூம்புக் கூரையும் வைத்தார்கள். இன்று சுற்றுலாப் படங்களில் பார்க்கிற தோற்றம் அப்போது வந்ததுதான். டியூக்காக இருந்த 14 ஆண்டுகளில் குறிப்பிடும்படி அவர் எதையும் செய்யவில்லை. செய்ய வேண்டிய வயதில் அதிகாரம் இல்லை, அதிகாரம் வந்தபோது உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1914 மே 2 அன்று வைட் தீவில் நிமோனியா காய்ச்சலில் இறந்தார். காம்பெல்களின் பழைய அடக்க இடமான கில்மன்னில் அடக்கம் செய்தார்கள். லூயிஸ் இன்னும் 25 ஆண்டுகள் இருந்தார். 1939 டிசம்பரில் 91 வயதில் கென்சிங்டன் அரண்மனையில் இறந்தார். அந்த அரண்மனைக்கு வெளியே அவரே செதுக்கிய தாயின் வெள்ளைப் பளிங்குச் சிலை இருக்கிறது, லண்டன் போகிறவர்கள் பார்க்கலாம்.

பிள்ளை இல்லாததால் பட்டம் எங்கே போயிற்று என்பது கடைசிக் கேள்வி. இது ஆண் வழியில் மட்டும் போகும் பட்டம். ஆகவே தம்பி ஆர்ச்சிபால்டின் மகன் நியால் பத்தாவது டியூக் ஆனார். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1949இல் அவர் இறந்ததும், பங்குத் தரகராகப் போன வால்டரின் பேரன் இயன் பதினோராவது டியூக் ஆனார். இவருடைய விவாகரத்து வழக்கு 1963இல் பத்திரிகைகளுக்குப் பெரிய தீனி. இன்று இருக்கும் டியூக் இந்த இயனின் பேரன், பதின்மூன்றாவது, 2001இல் பட்டத்துக்கு வந்தவர். இன்வரரி கோட்டையில் குடும்பம் இன்னும் குடியிருக்கிறது, ஒரு பகுதியைப் பருவகாலத்தில் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். அவருடைய மூத்த மகன் 2004இல் பிறந்தவர், இப்போதைய வாரிசு. அவரையும் லோர்ன் மார்க்விஸ் என்றுதான் அழைக்கிறார்கள்.